தென் கொரியாவில் ஜனநாயகமும் தாராளமயமும் தொழிலாளர் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1987-ல் தென் கொரிய மக்கள் தெருவில் இறங்கி, ராணுவ ஆட்சியாளர்களை நேரடித் தேர்தலுக்குச் சம்மதிக்க வைத்தார்கள். சரியாகப் பத்து வருடம் கழித்து, 1997 கடைசியில், அதே நாடு அந்நியச் செலாவணி தீர்ந்துபோய் சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப்.-இடம் கடன் கேட்டு நின்றது. முதல் சம்பவம் தொழிலாளிக்குக் கதவைத் திறந்தது. இரண்டாவது அந்தக் கதவைப் பாதி சாத்தியது. நடுவில் இருந்த பத்து வருடத்தில் தொழிலாளர் சட்டத்தை யார் எப்படித் திருத்தினார்கள், அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லும் முயற்சி இது.

சர்வாதிகார காலத்தில் கொரியாவில் தொழிலாளர் சட்டமே இல்லையா?

இருந்தது. அதுவும் நல்ல சட்டமாகவே இருந்தது. 1953-ல், கொரியப் போர் முடியும் முன்பே, தொழிற்சங்கச் சட்டம், தகராறு தீர்க்கும் சட்டம், தொழிலாளர் தரநிலைச் சட்டம் எல்லாம் நிறைவேறிவிட்டன. தரநிலைச் சட்டம் என்பது வேலை நேரம், ஓய்வு நாள், பணிநீக்கம் ஆகியவற்றுக்கு விதி சொல்லும் சட்டம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது.

அந்த எழுத்துக்கும் நடைமுறைக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டுமானால் ஜொன் தே இல் என்ற இளைஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சியோலில் சொங்கேசொன் ஓடைக் கரையில் 'அமைதிச் சந்தை' என்று ஒரு ஆயத்த ஆடைச் சந்தை. கீழே கடைகள், மேலே தையல் கூடங்கள். ஒரு மாடியைப் பலகை போட்டு இரண்டாகப் பிரித்திருந்ததால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. பஞ்சுத் தூசிக்கு நடுவில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் குழந்தைகள் உதவியாளர்களாக வேலை செய்தார்கள். ஒரு நாளைக்கு 14, 15 மணி நேரம் வேலை. மாதத்துக்கு இரண்டே நாள் விடுமுறை. ஜொன் அங்கே துணி வெட்டுபவர். தன் பஸ் காசில் அந்தக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு இரவில் வீட்டுக்கு நடந்தே போவார்.

இப்படி ஒரு சட்டம் இருப்பதே அவருக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. புத்தகத்தை வாங்கினார். அது சீன எழுத்துகள் மண்டிய சட்டமொழி. அதிகம் படிக்காதவர் அவர். "எனக்கு ஒரு கல்லூரி மாணவன் நண்பனாக இருந்திருந்தால்" என்று ஏங்கினார். 1969-ல் சக தொழிலாளர்களைக் கூட்டி ஒரு குழு தொடங்கியபோது அதற்கு 'முட்டாள்கள் சங்கம்' என்று பேர் வைத்தார்கள். உரிமை இருக்கிறது என்பதே தெரியாமல் இத்தனை நாள் முட்டாள்களாக வாழ்ந்துவிட்டோமே என்ற வேதனையில் வைத்த பேர் அது.

குடியரசுத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்தில் கேட்டது இதுதான்: 15 மணி நேர வேலையை 10 முதல் 12 மணி நேரமாகக் குறையுங்கள், ஞாயிற்றுக்கிழமைதோறும் விடுமுறை கொடுங்கள். சட்டம் ஏற்கெனவே கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் அவர் கேட்டார். அதை முதலில் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 1970 நவம்பர் 13 அன்று, சந்தை வாசலில், "தொழிலாளர் தரநிலைச் சட்டத்தைக் கடைப்பிடியுங்கள், நாங்கள் இயந்திரங்கள் அல்ல" என்று கத்தியபடி தீக்குளித்தார். சட்டப் புத்தகமும் அவரோடு எரிந்தது. வயது 22.

சட்டம் இருந்தும் ஏன் அமலாகவில்லை?

அமலாக்க அரசுக்கு மனமில்லை என்பதுதான் நேரான பதில். அப்போதைய ராணுவ ஆட்சியாளர் பார்க் சுங் ஹீயின் வளர்ச்சித் திட்டம் ஏற்றுமதியை நம்பியிருந்தது. ஆடை, விக், காலணி எல்லாம் குறைந்த கூலியில் தயாரானால்தான் வெளியே விலைபோகும் என்று கணக்குப் போட்டார்கள். சங்கம் என்றால் வட கொரியாவின் சதி என்று முத்திரை குத்துவதும் சுலபமாக இருந்தது. ஜொன் இறந்து ஒரு வருடம் கழித்து, 1971 டிசம்பரில், தேசப் பாதுகாப்புக்கான சிறப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன்படி கூட்டுபேரத்துக்கும் வேலைநிறுத்தத்துக்கும் அரசாங்கத்தின் தயவு வேண்டும்.

1979 ஆகஸ்டில் ஒய்.எச். என்ற விக் கம்பெனியின் பெண் தொழிலாளர்கள், ஆலையை மூடியதை எதிர்த்து எதிர்க்கட்சி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். போலீஸ் உள்ளே புகுந்து இழுத்துப் போட்டது. ஒரு பெண் இறந்தார். கட்சித் தலைவர் கிம் யங் சாம் நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார். அதைத் தொடர்ந்த கொந்தளிப்புக்கு நடுவில், அக்டோபர் 26 அன்று பார்க் சுங் ஹீ தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தக் கிம் யங் சாமை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

அடுத்து வந்த ராணுவ ஆட்சியாளர் சுன் டூ ஹ்வான் 1980-ல் இன்னும் இறுக்கினார். சங்கம் என்றால் அந்தந்தக் கம்பெனிக்குள் மட்டும். வெளியிலிருந்து யாரும் தொழிலாளிக்கு யோசனைகூடச் சொல்லக் கூடாது. இதற்கு 'மூன்றாம் நபர் தலையீட்டுத் தடை' என்று பேர். 1987-ல் கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளி ஒருவர் கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டு இறந்தபோது, அந்தக் குடும்பத்துக்கும் தொழிலாளருக்கும் உதவப் போன ஒரு வக்கீல் இந்தப் பிரிவில்தான் கைதானார். அவர் ரோ மூ ஹியூன். 2003-ல் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

1987-ல் தொழிற்சாலைக்குள் என்ன நடந்தது?

ஜூன் மாதப் போராட்டத்தை மாணவர்களும் நடுத்தர வர்க்கமும் நடத்தினார்கள். ஜூன் 29 அன்று ஆளுங்கட்சியின் ரோ தே வூ நேரடித் தேர்தலுக்கு ஒப்புக்கொண்டார். ஊரில் கொண்டாட்டம் அடங்கும் முன்பே தொழிற்சாலைகளில் தீப்பிடித்தது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதத்தில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட தகராறுகள். உல்சானில் ஹூண்டாய் குழுமத் தொழிலாளர்கள் ஃபோர்க்லிஃப்ட், தீயணைப்பு வண்டி எல்லாவற்றையும் முன்னே விட்டு, பல்லாயிரம் பேராக நகரத்துக்குள் ஊர்வலம் போனார்கள்.

கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்தோடு சேர்த்து இன்னொன்றும் இருந்தது: முடி வளர்க்கும் சுதந்திரம். ஆலை வாசலில் காவலாளிகள் நிறுத்தி, முடி நீளமாக இருந்தால் கத்தரித்து அனுப்புவார்கள். கல்யாணமாகிக் குழந்தை உள்ள ஆண்களுக்கும் அதே கதிதான். ஜனநாயகம் என்ற சொல் அவர்களுக்கு அந்த வாசலில்தான் அர்த்தப்பட்டது.

எண்ணிக்கையும் சொல்லிவிடலாம். 1987 நடுவில் நாட்டில் சுமார் 2,700 சங்கங்கள், பத்து லட்சம் உறுப்பினர்கள். 1989 முடிவில் சுமார் 7,800 சங்கங்கள், பத்தொன்பது லட்சம் உறுப்பினர்கள்.

அப்போதே சட்டத்தையும் மாற்றினார்களா?

பாதி. 1987-ல் வந்த புதிய அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவு சங்கம் அமைக்க, கூட்டாகப் பேரம் பேச, கூட்டாகப் போராட உரிமை தந்தது. நவம்பரில் சங்கச் சட்டமும் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் முக்கியமான மூன்று பூட்டுகள் அப்படியே இருந்தன: ஒரு சங்கம் இருக்கும் இடத்தில் இன்னொன்று கூடாது, மூன்றாம் நபர் கூடாது, சங்கம் அரசியலில் ஈடுபடக் கூடாது. 1989-ல் எதிர்க்கட்சிகள் பெரும்பான்மையாக இருந்த நாடாளுமன்றம் இன்னும் திருத்தியபோது, குடியரசுத் தலைவராகிவிட்ட ரோ தே வூ கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அதே ஆண்டு சங்கம் தொடங்கியதற்காகச் சுமார் 1,500 ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். ஓட்டுப் போடும் உரிமை முழுதாக வந்த நாட்டில் பள்ளி ஆசிரியர் சங்கம் சட்டவிரோதமாக இருந்தது.

தாராளமயம் எங்கிருந்து உள்ளே வந்தது?

கிம் யங் சாம் 1993-ல் பதவிக்கு வந்தார். ஆமாம், விக் கம்பெனிப் பெண்களுக்கு இடம் கொடுத்துப் பதவியை இழந்த அதே மனிதர். முப்பது வருடத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த, ராணுவப் பின்னணி இல்லாத முதல் தலைவர். அவருடைய முழக்கம் 'சேகேஹ்வா', அதாவது உலகமயம். வளர்ந்த நாடுகளின் மன்றமான ஓ.இ.சி.டி.-யில் சேர வேண்டும் என்று தீவிரமாக இருந்தார். 1996 டிசம்பரில் கொரியா அதன் 29-வது உறுப்பினரானது.

இதில் கவனிக்க வேண்டியது, அழுத்தம் இரண்டு பக்கமும் இருந்தது என்பது. மூலதனச் சந்தையைத் திற என்று சொன்ன அதே வளர்ந்த நாடுகள், உன் சங்கச் சட்டம் உலகத் தரத்தில் இல்லை என்றும் சொன்னன. சேர்ந்த பிறகும் பத்து வருடம், 2007 வரை, ஓ.இ.சி.டி. கொரியாவின் தொழிலாளர் சட்டத்தைத் தனியாகக் கண்காணித்தது.

உள்ளூரில் முதலாளிகளின் பட்டியல் வேறு. அந்தக் காலப் பத்திரிகைகளில் 'மூன்று தடை, மூன்று ஏற்பாடு' என்று ஒரு சொல்வழக்கு. மூன்று தடை என்பது மேலே சொன்ன மூன்று பூட்டுகள், அவற்றை நீக்கு என்பது சங்கங்களின் கோரிக்கை. மூன்று ஏற்பாடு என்பது ஆட்குறைப்பு, தேவைக்கேற்ப நீட்டிச் சுருக்கும் வேலை நேரம், ஏஜென்சி மூலம் ஆள் அனுப்புவது. அவற்றை அனுமதி என்பது முதலாளிகளின் கோரிக்கை. இதை விட்டு அதை வாங்குவது என்ற பேரத்துக்காக 1996 மே மாதம் ஒரு குழுவை அமைத்தார்கள். சட்ட அங்கீகாரமே இல்லாத மின்ஜு நோசோங் (1995-ல் உருவான ஜனநாயகத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு) அதில் உட்கார அழைக்கப்பட்டது. நல்ல தொடக்கம்தான். உடன்பாடுதான் வரவில்லை.

1996 டிசம்பர் 26 அதிகாலை என்ற பேச்சு அடிக்கடி வருகிறதே, என்ன அது?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள். விடிவதற்கு முன்பு, மணி ஆறு. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் 154 பேர் பஸ்களில் வந்து, எதிர்க்கட்சிக்குத் தெரியாமல் நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். ஏழு நிமிடத்தில் 11 மசோதாக்களை நிறைவேற்றிவிட்டு வெளியே வந்தார்கள். தொழிலாளர் சட்டங்களும், உளவுத்துறையின் விசாரணை அதிகாரத்தைப் பழையபடி பெருக்கும் சட்டமும் அதில் அடக்கம்.

உள்ளடக்கமும் மோசம். முதலாளிகள் கேட்ட ஆட்குறைப்பு உண்டு. சங்கங்களுக்குக் கொடுப்பதாக இருந்த கூட்டமைப்பு அங்கீகாரம் மட்டும் மூன்று வருடம் தள்ளிவைப்பு. ஆனால் மக்களைக் கொதிக்க வைத்தது முறைதான் என்று நினைக்கிறேன். சர்வாதிகாரத்தோடு சண்டை போட்டு வந்த ஒருவர், சர்வாதிகாரி செய்ததைப் போலவே சட்டம் போட்டார். அன்றைக்கே வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்கத் தலைவர்கள் சியோலின் மியொங்தொங் தேவாலய முற்றத்தில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். ராணுவ ஆட்சிக் காலத்திலும் போராட்டக்காரர்களுக்கு அடைக்கலம் கொடுத்த இடம் அது. அரசுக்கு நெருக்கமாக இருந்த பழைய கூட்டமைப்பும் சேர்ந்துகொண்டது. பனி கொட்டும் ஜனவரியில் வாரக்கணக்காக லட்சக்கணக்கானவர்கள் வேலைக்குப் போகவில்லை.

வேலைநிறுத்தம் ஜெயித்ததா?

ஜெயித்தது என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். ஜனவரி 21 அன்று கிம் யங் சாம் எதிர்க்கட்சித் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசி, சட்டத்தை மறுபடி எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். மார்ச்சில் புதுச் சட்டம் வந்தது. மின்ஜு நோசோங் சட்டப்படியான அமைப்பாக வழி பிறந்தது. மூன்றாம் நபர் தடையும் அரசியல் தடையும் போயின. ஒரே கம்பெனிக்குள் இரண்டு சங்கம் என்பதைத் தள்ளிப்போட்டார்கள், திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு அது 2011-ல்தான் அமலானது. ஆட்குறைப்புப் பிரிவு நீக்கப்படவில்லை. இரண்டு வருடத்துக்கு நிறுத்தி மட்டும் வைத்தார்கள்.

அந்த இரண்டு வருடம் முழுதாக ஓடவில்லை.

ஐ.எம்.எஃப். கடனுக்கும் ஆட்குறைப்புச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

1997 தொடக்கத்திலிருந்தே பெரிய குழுமங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அளவுக்கு மீறிய குறுகிய காலக் கடன்தான் காரணம், தொழிலாளியின் சம்பளம் காரணமில்லை. நிதிச் சந்தையை அவசரமாகத் திறந்துவிட்டதால் அந்தக் கடன் சுலபமாகக் கிடைத்தது. நவம்பர் 21 அன்று அரசு ஐ.எம்.எஃப்.-இடம் போனது. டிசம்பர் 3 அன்று ஒப்பந்தம். மொத்தம் சுமார் 5,800 கோடி டாலர் உதவித் திட்டம், அதில் ஐ.எம்.எஃப். பங்கு 2,100 கோடி. நிபந்தனைகளில் ஒன்று, வேலைச் சந்தையின் நெகிழ்வை அதிகப்படுத்துவது.

டிசம்பர் 18 தேர்தலில் ஜெயித்தவர் கிம் டே ஜங். ராணுவ ஆட்சியில் மரண தண்டனை வரை போய் வந்தவர், தொழிலாளர்கள் நம்பிய தலைவர். அவர் பதவியேற்கும் முன்பே, 1998 ஜனவரியில் அரசு, முதலாளி, தொழிலாளி முத்தரப்புக் குழுவை உட்கார வைத்தார். வெளியே மக்கள் கல்யாண மோதிரத்தையும் குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரத்தையும் கொண்டுவந்து, நாட்டின் கடனை அடைக்க வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்தச் சூழலில் "முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போக சங்கத் தலைவர்களால் முடியவில்லை.

பிப்ரவரி தொடக்கத்தில் உடன்பாடு. சங்கங்களுக்குக் கிடைத்தது: ஆசிரியர் சங்கத்துக்கு அங்கீகாரம், வேலையின்மைக் காப்பீடு விரிவு, இன்னும் சில. கொடுத்தது: ஆட்குறைப்பு உடனே அமல், ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்கு அனுமதி. மூன்றே நாளில் மின்ஜு நோசோங் பிரதிநிதிகள் கூட்டம் உடன்பாட்டை நிராகரித்தது. தலைமை ராஜினாமா செய்தது. நாடாளுமன்றம் அதற்குக் காத்திருக்காமல் அதே மாதம் சட்டமாக்கிவிட்டது. 1996-ல் பின்வாசல் வழியாக வந்து தோற்ற அதே பிரிவு, 1998-ல் முன்வாசல் வழியாக, பேச்சுவார்த்தை, கையெழுத்து எல்லாவற்றோடும் வந்தது.

கிம் டே ஜங்கைத் துரோகி என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கஜானா காலியாக இருந்தபோது அவர் கையில் அதிகம் இல்லை. என் குறை வேறு. அந்த மேசையில் பெரிய ஆலைகளின் நிரந்தரத் தொழிலாளர்கள் பேசினார்கள், முதலாளிகள் பேசினார்கள், அரசு பேசியது. ஏஜென்சி வழியாக வேலைக்குப் போகப் போகிறவர்களுக்காக அங்கே யாரும் இல்லை.

ஆட்குறைப்புக்கு நிபந்தனை ஒன்றும் கிடையாதா?

உண்டு. நிர்வாகத்துக்கு அவசரமான தேவை இருக்க வேண்டும். தவிர்க்க எல்லா முயற்சியும் எடுத்திருக்க வேண்டும். யாரை அனுப்புவது என்பதற்கு நியாயமான அளவுகோல் வேண்டும், ஆண் பெண் பாகுபாடு கூடாது. தொழிலாளர் பிரதிநிதியிடம் 60 நாள் முன்பே சொல்லிக் கலந்து பேச வேண்டும் (இது பிறகு 50 நாளானது).

ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற வரியை மனதில் வைத்துக்கொண்டு, சட்டம் வந்த முதல் கோடையில் உல்சானில் நடந்ததைப் பாருங்கள். ஹூண்டாய் மோட்டார் ஆயிரக்கணக்கானவர்களை அனுப்பப் போவதாக அறிவித்தது. தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே குடும்பத்தோடு கூடாரம் போட்டு 36 நாள் போராடினார்கள். சுற்றிலும் கலவரத் தடுப்புப் போலீஸ். ஆகஸ்ட் 24 அன்று சமரசம்: 277 பேர் மட்டும் ஆட்குறைப்பு. அந்த 277 பேரில் பாதிக்கு மேல் ஆலையின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்த பெண்கள். போராட்ட நாட்களில் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டவர்கள் அவர்கள்தான். நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து போட்ட கையெழுத்தில் அவர்கள் வேலை போனது.

ஒப்பந்தத் தொழிலாளர் இவ்வளவு பெருகியது எப்படி?

1998 சட்டம் ஏஜென்சி ஆட்களை 26 வகை வேலைகளுக்கு, அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கு என்று அனுமதித்தது. உற்பத்தி வரிசையில் நேரடியாக நிற்கும் வேலைக்குக் கூடாது. ஆகவே கம்பெனிகள் அதை ஏஜென்சி என்று சொல்லாமல் 'உள் ஒப்பந்தம்' என்று சொன்னன. கார் ஆலைகளில் ஒரு வழக்கு: இடது சக்கரத்தைப் பூட்டுபவர் நிரந்தரம், வலது சக்கரத்தைப் பூட்டுபவர் ஒப்பந்தம். ஒரே கார், ஒரே நேரம், ஒரே திருகு. சம்பளமும் சீருடைப் பட்டையும் வேறு. 2010 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில், இது சட்டவிரோதமாக ஆள் அனுப்புவதுதான், இரண்டு வருடம் தாண்டியவர் நேரடி ஊழியர் என்று சொன்னது.

குறுகிய கால ஊழியர்களைக் காக்க 2007 ஜூலையில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது: இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் நிரந்தரமாக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் போட்டதுதான். பல இடங்களில் இரண்டு வருடம் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோடையிலேயே சியோலில் சூப்பர்மார்க்கெட் காசாளர் பெண்கள் கடைக்குள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். இன்று கொரியாவில் சம்பளக்காரர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நிரந்தரமல்லாத வேலையில் இருக்கிறார்கள்.

வேலைநிறுத்தம் செய்தால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவார்களாமே?

உண்மை. ஜெயிலில் போடும் பழக்கம் குறைந்த பிறகு, சிவில் வழக்கு அந்த இடத்துக்கு வந்தது. ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தால், அது நிர்வாக முடிவில் தலையிடுவது, சட்டப்படியான போராட்டமில்லை என்பது நீதிமன்றங்களின் பார்வையாக இருந்தது. அப்புறம் உற்பத்தி இழப்பெல்லாம் தொழிலாளியின் தலையில்.

2009-ல் பியோங்தேக்கில் சாங்யோங் மோட்டார் தொழிலாளர்கள் ஆட்குறைப்பை எதிர்த்து 77 நாள் ஆலையைக் கையில் வைத்திருந்தார்கள். 2013-ல் நீதிமன்றம் அவர்கள் சுமார் 470 கோடி வொன் (கொரிய நாணயம்) கட்ட வேண்டும் என்றது. அதைப் பத்திரிகையில் படித்த ஒரு வாசகி 47,000 வொன்னை உறையில் போட்டு அனுப்பினார், இப்படி ஒரு லட்சம் பேர் அனுப்பினால் தீர்ந்துவிடுமே என்று. அது மஞ்சள் உறை இயக்கமாக வளர்ந்தது. முன்பெல்லாம் கொரியாவில் சம்பளத்தை மஞ்சள் உறையில்தான் கொடுப்பார்கள்.

2022-ல் கோஜே தீவின் கப்பல் தளத்தில், வெட்டிய கூலியைத் திருப்பிக் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் போராடினார்கள். ஒருவர் நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு மீட்டராக இரும்புக் கூண்டு ஒன்றைத் தானே பற்றவைத்து, அதற்குள் ஒரு மாதம் முடங்கிக் கிடந்தார். வேலை வாங்குவது பெரிய கம்பெனி, காகிதத்தில் முதலாளி சின்ன ஒப்பந்ததாரர். பேச வேண்டியவர் "நான் உன் முதலாளி இல்லை" என்கிறார். பிறகு 470 கோடி வொன் இல்லை, 4,700 கோடி வொன் கேட்டு ஐந்து பேர் மேல் வழக்கு வந்தது.

'மஞ்சள் உறைச் சட்டம்' இந்த இரண்டையும் தொட முயன்றது: வேலை நிலைமையை உண்மையில் தீர்மானிப்பவரே முதலாளி, நஷ்டஈட்டுக்கு வரம்பு உண்டு. அப்போதைய குடியரசுத் தலைவர் யூன் சுக் யோல் அதை 2023-லும் 2024-லும் தடுத்தார். அவர் பதவி நீக்கப்பட்டு லீ ஜே மியுங் வந்த பிறகு, 2025 ஆகஸ்ட் 24 அன்று நிறைவேறியது. அமலுக்கு வர 2026 மார்ச் 10 என்று நாள் குறித்தார்கள். லீ சிறுவயதில் ஆலைத் தொழிலாளியாக இருந்து இயந்திரத்தில் கை நசுங்கியவர்.

வேலை நேரம் குறைந்திருக்கிறதா?

குறைந்திருக்கிறது. சட்டப்படி 48-லிருந்து 1989-ல் 44, 2004 முதல் படிப்படியாக 40. ஆனால் ஓவர்டைமில் ஒரு விநோதம் இருந்தது. வாரத்துக்கு 12 மணி நேரம்தான் ஓவர்டைம். சனி, ஞாயிறு 'வாரத்தில்' சேராது என்று தொழிலாளர் துறை விளக்கம் கொடுத்ததால் இன்னும் 16 மணி நேரம் கூடி, மொத்தம் 68. கடைசியில் 2018-ல், ஒரு வாரம் என்றால் விடுமுறையும் சேர்த்து ஏழு நாள் என்று சட்டத்திலேயே எழுத வேண்டிவந்தது. அதிலிருந்து உச்சவரம்பு 52.

அப்படியானால் சந்தையைத் திறந்தால் உரிமை தேயத்தான் செய்யுமா?

அப்படி ஒரே வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு எதிர் உதாரணம். ஆசிரியர் சங்கம் 1999-ல் சட்டப்படியானது. 2013-ல், வேலை நீக்கப்பட்ட ஒன்பது பேரை உறுப்பினராக வைத்திருக்கிறது என்று சொல்லி, சுமார் 60,000 பேர் கொண்ட அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தையே அரசு பறித்தது. 2020-ல்தான் உச்ச நீதிமன்றம் அது தவறென்றது. இதே சமயத்தில் ஐரோப்பிய ஒன்றியம், 2011 முதல் அமலிலிருந்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் தொழிலாளர் பிரிவை எடுத்துக்காட்டி 2018-ல் தகராறு எழுப்பியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் 1991-லேயே சேர்ந்தும், சங்க உரிமைக்கான 87, 98 எண் ஒப்பந்தங்களை ஏற்காமல் இழுத்தடித்த கொரியா, 2021-ல் அவற்றை ஏற்றது. வர்த்தக ஒப்பந்தமே உரிமைக்கு நெம்புகோலான இடம் இது.

ஆக, சந்தை திறப்பது ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. திறக்கும்போது பேரம் யாரோடு நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1996-ல் யாரிடமும் பேசவில்லை, நாடே எழுந்தது. 1998-ல் சிலரிடம் பேசினார்கள், பேச்சில் சேர்க்கப்படாதவர்கள் தலையில் சுமை இறங்கியது.

இன்றும் சட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் யார்?

உணவு டெலிவரி ஓட்டுபவர்கள் போல, சுயதொழில் செய்பவர் என்று காகிதத்தில் எழுதப்பட்டவர்கள் ஒரு பெரிய கூட்டம். அவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. தொழிலாளர் தரநிலைச் சட்டம் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு முழுதாகப் பொருந்தாது. குறைந்தபட்சக் கூலி உண்டு, பணிக்கொடை உண்டு. 52 மணி நேர வரம்பு கிடையாது. ஓவர்டைமுக்குக் கூடுதல் கூலி கிடையாது. சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு கிடையாது. காரணம் சொல்லாமல் வேலையைவிட்டு நிறுத்தினால் தொழிலாளர் ஆணையத்திடம் முறையிடவும் முடியாது. சொங்கேசொன் ஓடைமேல் பாலத்தில் இன்று ஜொன் தே இல்லின் வெண்கலச் சிலை இருக்கிறது. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், மேட்டுத் தெருக்களில் இப்போதும் சின்னச் சின்னத் தையல் கூடங்கள் ஓடுகின்றன. பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் மூன்று பேர், நான்கு பேர்.